இயந்திரமும் மனிதரும் – 14: பட்டியலில் இருந்த லுங்கி

சென்ற இதழில் ஜக்கார்டின் அட்டையைப் பார்த்தோம். 1804-இல் பிரான்சின் லியோன் நகரத்து ஜோசப் மரீ ஜக்கார்டு, துளையிட்ட அட்டைகளைத் தறியின் தலையில் ஏற்றினார். அந்த யோசனை சார்லஸ் பாபேஜின் கணக்கு இயந்திரத்துக்குப் போனது. 1890-இல் ஹெர்மன் ஹாலரித் அமெரிக்க மக்கள்தொகையையே அட்டைகளில் எண்ணினார். கணினியின் பூர்வீகத்தில் நெசவாளிக்கும் பங்கு உண்டு என்று முடித்திருந்தோம். அந்தக் கணினியின் பேரப்பிள்ளையான செயற்கை நுண்ணறிவுக்கு இப்போது டெல்லியிலும் சென்னையிலும் விதி வகுக்கிறார்கள். வகுப்பவர்கள் படித்துப் பார்க்க வேண்டிய ஊர் ஒன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. அது பொதட்டூர்பேட்டை.

பள்ளிப்பட்டு வட்டத்தில் உள்ள பேரூர் இது. ஒரு காலத்தில் கார்வேட்டிநகர் ஜமீன் சீமை. 1953-இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போனது. ம.பொ.சிவஞானம், கே.விநாயகம் ஆகியோர் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பலனாக, எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணிப் பகுதியோடு சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. கொஞ்ச தூரம் போனால் நகரி, புத்தூர். அங்கும் தறிதான், அங்கும் நெசவுக் குடும்பங்கள்தான். மாநிலம் மட்டும் வேறு. வீட்டில் தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இந்த வட்டாரத்தில் பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், அத்திமாஞ்சேரிப்பேட்டை, ஆர்.கே.பேட்டை என்று வரிசையாக நெசவு ஊர்கள். லுங்கியும் பருத்திச் சேலையும் இங்கே ஓடுகின்றன. கைத்தறி இருந்த வீடுகளில் இப்போது விசைத்தறி இருக்கிறது.

அந்த மாற்றத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். குழித்தறியில் நெசவாளர் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து மிதிகளை மாற்றி மிதிப்பார். ஒரு கை கயிற்றை இழுக்க நாடா அந்தப் பக்கம் ஓடும். மறு கை அச்சை இழுத்து அடிக்கும். கண், கை, கால் மூன்றும் ஒரே வேலையில் இருக்கும். விசைத்தறியில் மிதி, நாடா, அச்சு மூன்றையும் மோட்டார் பார்த்துக்கொள்கிறது. அதோடு, ஊடை இழை அறுந்தால் பக்கவாட்டில் இருக்கும் சிறு முள் போன்ற கம்பி அதை உணர்ந்து தறியை நிறுத்திவிடும். பார்ப்பதற்கு அற்பமான கம்பிதான். ஆனால் ‘இழை இருக்கிறதா, இல்லையா’ என்று தீர்ப்புச் சொல்லும் வேலை நெசவாளியின் கண்ணிலிருந்து அந்தக் கம்பிக்குப் போன பிறகுதான் ஒருவரே இரண்டு தறி, நான்கு தறி பார்க்க முடிந்தது. பாவு இழை அறுந்தால் மட்டும் சாதாரண விசைத்தறிக்குத் தெரியாது. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். துணியில் நீளவாக்கில் கோடு விழும். அதை இன்னும் மனிதக் கண்தான் பிடிக்க வேண்டும்.

இந்தத் தறியை யார் அனுமதித்தார்கள்? யார் தடுத்தார்கள்? நம் தொடரின் கேள்வி அதுதான்.

சுதந்திர இந்தியா இயந்திரத்துக்கு விதி வகுக்கத் தெரியாத நாடாக இருந்ததில்லை. 1952-இல் சென்னை மாநிலத்தில் கைத்தறி நெசவாளர்கள் துணி விற்காமல் பட்டினி கிடந்தார்கள். முதலமைச்சர் ராஜாஜி, வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்குங்கள் என்று டெல்லியை நெருக்கினார். அதே ஆண்டு அகில இந்தியக் கைத்தறி வாரியம் வந்தது. ஆலைகள் நெய்யும் வேட்டிக்கு உச்சவரம்பு வந்தது. அடுத்த ஆண்டு ஆலைத் துணிக்குக் கூடுதல் வரி போட்டு, அந்தப் பணத்தைக் கைத்தறிக்கும் கதருக்கும் ஒதுக்கச் சட்டம் வந்தது. 1956-க்குப் பிறகு ஆலைகள் தறிகளைப் பெருக்கவே கட்டுப்பாடு. எல்லாம் நல்லெண்ணத்தில் செய்தவை. நெசவாளியின் எதிரி மில் என்று எல்லோரும் நம்பிய காலம் அது. விதிகளும் மில்லைப் பார்த்தே வகுக்கப்பட்டன.

இயந்திரம் மில் வழியாக வரவில்லை. ஆலையைக் கட்டிப்போட்டதால் சந்தையில் விழுந்த இடைவெளியைச் சின்னச் சின்ன விசைத்தறிக் கூடங்கள் நிரப்பின. ஆலைகள் கழித்துப்போட்ட பழைய தறிகளே பல ஊர்களில் முதல் விசைத்தறிகள். நான்கு தறி வரை வைத்திருந்தால் கலால் வரிச் சலுகை என்று ஒரு காலத்தில் இருந்தது. எட்டுத் தறி வைத்திருந்தவர்கள் நான்கைத் தம்பி பேரிலும் நான்கை மனைவி பேரிலும் எழுதிக்கொண்டார்கள். காகிதத்தில் எல்லோரும் சிறு தொழில். பூட்டு வாசல் கதவில் தொங்கியது. ஆள் கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிட்டார்.

1974-இல் சிவராமன் குழு கைத்தறியின் நிலையை ஆராய்ந்து, ஒரு விசைத்தறி ஆறு கைத்தறிகளை அகற்றுகிறது என்று கணக்குச் சொன்னது. அந்தக் கணக்கு தறிகளைத்தான் எண்ணியது. ஒரு கைத்தறியைச் சுற்றி ராட்டையில் தார் சுற்றும் பாட்டி, நூலுக்குக் கஞ்சி போடுபவர், தெருவில் பாவு விரித்து ஓட்டுபவர்கள் என்று ஒரு கூட்டமே இருக்கும். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்; தனிக் கூலி கிடையாது; குடும்ப வேலை என்று பேர். தறி மாறியபோது அவர்கள் வேலை போனதை எந்தப் பதிவேடும் எழுதவில்லை. இயந்திரங்களின் வரலாறு எழுதுகிற நமக்கு இதுதான் பெரிய குறை. இழந்தவர்களின் கணக்கு எந்த அரசு ஏட்டிலும் இல்லை.

1985-இல் வந்தது கைத்தறி ரகங்கள் ஒதுக்கீட்டுச் சட்டம். முதலில் 22 ரகங்கள்: சேலை, வேட்டி, துண்டு, லுங்கி, ஜமக்காளம், படுக்கை விரிப்பு என்று நீண்ட பட்டியல். இவற்றை விசைத்தறியில் நெய்யக் கூடாது. விசைத்தறி முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். தடைகள், வாய்தாக்கள். சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது 1993 பிறந்துவிட்டது. எட்டு ஆண்டுகளில் ஒரு தலைமுறையே தறி மாறிவிட்டது. அப்புறம் கைத்தறித் துறையை ஆராய மீரா சேத் குழு வந்தது. 1996-இல் பட்டியல் 11 ரகங்களாகச் சுருங்கியது. லுங்கி அந்தப் பதினொன்றிலும் இருந்தது. ஆனால் எந்த நூல், எந்தக் கட்டம், எந்தக் கரை என்று ஒவ்வொரு ரகத்துக்கும் நுணுக்கமான இலக்கணம். இலக்கணத்திலிருந்து ஒரு முழம் விலகினால் அது ஒதுக்கீட்டு ரகம் கிடையாது. லுங்கி பட்டியலிலும் இருந்தது, விசைத்தறியிலும் ஓடியது.

அந்தச் சட்டம் தோற்றதற்கு மூன்று காரணம் சொல்வேன். பெரியவனைப் பார்த்து விதி எழுதி, சிறியவன் வழியாக வந்ததைக் கவனிக்காமல் விட்டது. நீதிமன்றத்தில் எட்டு ஆண்டு தூங்கியது. மூன்றாவதுதான் முக்கியமானது. கைத்தறி நெசவாளி தன் தொழில் போன பின்பு யாரிடம் போய் முறையிடுவது, அவர் எத்தனை நாளில் பதில் சொல்ல வேண்டும் என்பதை அந்தச் சட்டம் அவன் கையில் கொடுக்கவில்லை. தறியைச் சோதிக்கும் அதிகாரி உண்டு. மனிதனைக் கேட்கும் அதிகாரி கிடையாது.

அதே காலத்தில் அதே நாட்டில் வேறு சிலருக்கு இயந்திரம் நிபந்தனையோடு வந்தது. 1957-இல் கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, ஆலைகளை நவீனமாக்கும்போது ஆட்குறைப்பு கூடாது, கிடைக்கும் ஆதாயத்தில் தொழிலாளிக்கும் பங்கு வேண்டும் என்று ஏற்றது. 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 9-ஏ பிரிவு இன்னும் நேரடியானது. வேலை நிலைமையை மாற்றுவதானால் 21 நாள் முன்பே தொழிலாளிக்கு அறிவிக்க வேண்டும். ஆட்குறைப்புக்கு வழிவகுக்கும் இயந்திர, தொழில்நுட்ப மாற்றமும் அதன் நான்காம் அட்டவணையில் உண்டு. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழில் உறவுகள் தொகுப்பிலும் அந்த முன்னறிவிப்பு தொடர்கிறது. 1983-இல் வங்கிகளுக்குக் கணினி வந்தபோது ஊழியர் சங்கங்கள் இந்திய வங்கிகள் சங்கத்தோடு உட்கார்ந்து, எங்கே எத்தனை இயந்திரம் என்று பேசி ஒப்பந்தம் போட்டன. வங்கி ஊழியருக்கு அந்த மேசையில் நாற்காலி இருந்தது. பொதட்டூர்பேட்டை நெசவாளிக்கு இல்லை. வீட்டுக்குள் தறி போட்டவரும் கூலிக்கு நெய்தவரும் சட்டத்தின் கண்ணில் ‘தொழிலாளி’ ஆவதே பெரும்பாடு.

இனி நம் காலத்துக்கு வருவோம்.

2020 ஜூலையில், ராஜாஜி காலத்தில் பிறந்த அந்தக் கைத்தறி வாரியத்தை மத்திய அரசு கலைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாடு அரசு ‘பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை’யை வெளியிட்டது. இந்தியாவில் ஒரு மாநிலம் இதை இவ்வளவு விரிவாக யோசித்தது பெருமைக்குரியது, மனதாரச் சொல்கிறேன். அரசுத் துறை எதுவும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளை மக்கள் மீது பயன்படுத்தும் முன், அது வெளிப்படையானதா, தவறு நடந்தால் பொறுப்பு யாருக்கு, ஏழைக்கும் கிராமத்துக்கும் பாரபட்சம் காட்டுமா, தனியுரிமையைக் காக்குமா என்று மதிப்பெண் போட்டுப் பார்க்கச் சொல்கிறது அந்தக் கொள்கை. ‘தரவே இல்லாத மக்கள்’ என்ற பிரச்சினையைக்கூட அது தொட்டிருக்கிறது. கேள்விகள் எல்லாம் சரியானவை. ஆனால் அது கொள்கை. சட்டம் ஆகவில்லை. அதை மீறிய துறையை, அந்த மீறலுக்காக மட்டும் ஒரு குடிமகன் நீதிமன்றத்துக்கு இழுப்பது கடினம்.

மத்தியிலும் கிட்டத்தட்ட இதே கதை. சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் பி.ரவீந்திரன் தலைமையிலான குழு வரைந்த செயற்கை நுண்ணறிவு நிர்வாக வழிகாட்டுதல்கள் 2025 நவம்பரில் வெளியாயின. இப்போதைக்குத் தனிச் சட்டம் வேண்டாம், இருக்கிற சட்டங்களே போதும் என்பது அதன் சாரம். ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியில் போயிருக்கிறது. 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த அதன் சட்டம், ஆள் எடுப்பது, அரசு உதவி கொடுப்பது போன்ற வேலைகளில் ஈடுபடும் மென்பொருளை ‘அதிக ஆபத்து’ வகையில் வைத்து, மனிதக் கண்காணிப்பைக் கட்டாயமாக்குகிறது.

சட்டம் வேண்டுமா, வழிகாட்டுதல் போதுமா என்ற விவாதத்துக்கு விடை காணத் தெலங்கானா வரை போனால் போதும். அங்கே ‘சமக்ர வேதிகா’ என்ற அரசு மென்பொருள் பல துறைகளின் தரவுகளைப் பெயர், முகவரி பார்த்துப் பொருத்தி, யார் ஏழை, யார் ஏழை இல்லை என்று சொல்கிறது. காரே இல்லாத குடும்பத்துக்கு, கிட்டத்தட்ட அதே பெயருள்ள இன்னொருவரின் காரை ஒட்டவைத்து உணவு அட்டையை மறுத்தது. அட்டை ரத்தானவர்களுக்கு முன்கூட்டி நோட்டீஸ் இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ரத்தான ஏறத்தாழ 19 லட்சம் அட்டைகளையும் வீடு தேடிப்போய்ச் சரிபாருங்கள் என்று 2022 ஏப்ரலில் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆண்டுக்கணக்கில் அரிசி வாங்காமல் இருந்தவர்களுக்கு அந்த உத்தரவு எவ்வளவு தாமதம் என்று யோசித்துப் பாருங்கள். 1985 சட்டம் எட்டு ஆண்டு காத்திருந்ததை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இதற்கு மாறான அனுபவமும் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்துக்கு ஏறத்தாழ 1.63 கோடி விண்ணப்பங்கள் வந்தன. அவற்றை அரசுத் தரவுகளோடு ஒப்பிட்டுத் தகுதி பார்த்தார்கள். ஏறத்தாழ 1.06 கோடிப் பேர் தேர்வானார்கள். தேர்வாகாதவருக்குக் காரணம் குறுஞ்செய்தியில் வந்தது. 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக மேல்முறையீடு செய்யலாம். வருவாய்க் கோட்டாட்சியர் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். காரணம், கெடு, ஒரு மனித அதிகாரி: மூன்றும் இருந்தன. அந்தத் திட்டத்தில் ஒரு நிபந்தனை, வீட்டு மின் நுகர்வு ஆண்டுக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்பது. சமையலும் தறியும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் நெசவு ஊரில், எந்த மீட்டர் வீட்டுக்கு, எந்த மீட்டர் தறிக்கு என்பதைத் தரவுப் பட்டியல் சரியாகச் சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். சந்தேகம் வந்தால் வாசலில் வந்து பார்க்க ஒருவர் வேண்டும். அதற்கான ஏற்பாடு அங்கே இருந்தது. மென்பொருள் முடிவு செய்யும் ஒவ்வொரு திட்டத்திலும் இந்த ஏற்பாட்டைச் சட்டமாகவே எழுதிவைக்க வேண்டும் என்பது என் கட்சி.

தனியார் துறையில் நிலைமை இன்னும் சிக்கல். பெரிய ஜவுளி ஆலைகளில் துணியை ஓடவிட்டு, மேலே கேமரா வைத்து, ஓட்டை, அறுந்த இழை, எண்ணெய்க் கறை எல்லாவற்றையும் மென்பொருளே பிடிக்கிறது. ஊடை அறுந்ததைச் சொன்ன அந்தச் சின்னக் கம்பியின் வாரிசு இந்தக் கேமரா. விலை இறங்க இறங்க அது சிறு கூடங்களுக்கும் வரும். இன்று கூலி நெசவாளி பீஸைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது முதலாளி வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கிறார். டேமேஜ் இருந்தால் கூலியில் பிடித்தம். அங்கே ஒரு பேச்சு நடக்கும். “அண்ணா, இது நூல் கோளாறு, என் கை கோளாறு இல்லை. கோன்லயே முடிச்சு இருந்துது, நீங்களே பாருங்க.” முதலாளி தடவிப் பார்ப்பார். சில நேரம் ஒத்துக்கொள்வார், சில நேரம் மாட்டார், பாதி பிடிப்பார். அந்தப் பேச்சில் நியாயம் எப்போதும் ஜெயித்தது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அது பேச்சு. கேமரா போட்ட மதிப்பெண்ணில் பிடித்தம் கணக்காகும் நாளில், கோனில் முடிச்சு இருந்ததை நெசவாளி யாரிடம் காட்டுவது? எத்தனை இழை அறுந்தால் டேமேஜ் என்ற அளவை மென்பொருளில் ஏற்றியவர் வேறொரு ஊரில் இருப்பார். முதலாளிக்கே அவரைத் தெரியாது.

இதே கேள்வி கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும், கம்பெனி பஸ் போகும் மற்றத் தொழிற்பேட்டைகளிலும் எழும். தறியை விட்டுவிட்டு வேலைக்குப் போன நெசவுக் குடும்பத்துப் பிள்ளைகளை எடுப்பதும், வருகை பார்ப்பதும், உற்பத்தியை எண்ணுவதும் மெல்ல மெல்ல மென்பொருளின் வேலையாகிறது. அங்கே 21 நாள் முன்னறிவிப்பாவது நிரந்தரத் தொழிலாளிக்கு உண்டு. ஒப்பந்தத் தொழிலாளிக்கு அதை வாங்கித் தருபவர் யார்?

மாநில எல்லையையும் மறக்கக் கூடாது. 2023-இல் தமிழ்நாடு அரசு விசைத்தறிக்கான இலவச மின்சாரத்தை இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டிலிருந்து 1,000 யூனிட்டாக உயர்த்தியது. நகரியில் இருக்கும் தறிக்கு அது கிடையாது. அந்த மாநிலத்து விதி வேறு. மின்சாரச் சலுகை எல்லைக்கல்லில் நின்றுவிடும். மென்பொருள் நிற்காது. எங்கோ எழுதிய ஒரே நிரல் இரண்டு பக்கத்துத் துணிக்கும் மதிப்பெண் போடும். அதனால் தமிழ்நாட்டுக் கொள்கை சட்டமானாலும் பாதி வேலைதான் முடியும். மீதி டெல்லியில் நடக்க வேண்டும். தனிச் சட்டம் வேண்டாம் என்கிற டெல்லியின் முடிவை நான் ஏற்கவில்லை.

கொள்கை வகுப்பவர்களுக்கு இந்த ஊர் வைக்கும் கோரிக்கைகள் எளிமையானவை. பெரிய நிறுவனத்தை மட்டும் பார்த்து விதி எழுதாதீர்கள். மலிவாக, சின்னதாக, கொல்லைப்புறமாக வரும் இயந்திரத்தையும் பாருங்கள். விதி வகுக்கும் மேசையில் விசைத்தறித் தொழிலாளர் சங்கத்துக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். யார் வேலை இழக்கிறார்கள் என்பதை இம்முறையாவது எண்ணி எழுதுங்கள், தார் சுற்றுபவர் வரைக்கும்.

வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். பொதட்டூர்பேட்டை வட்டாரத்தில் உங்கள் வீட்டுப் பரணில் பழைய கூலிப் புத்தகம், நெசவாளர் கூட்டுறவுச் சங்கப் பாஸ்புத்தகம், பாவுக் கணக்கு நோட்டு ஏதும் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்; இழந்தவர்களின் கணக்கு அவற்றில்தான் இருக்கிறது. அரசுத் திட்டம் எதிலாவது உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தால் அதையும் அழிக்காதீர்கள். தேதியோடு எழுதி வைத்துக்கொண்டு, கெடு முடியும் முன் மேல்முறையீடு செய்யுங்கள்.

(தொடரும்)